கொட்டிலில் கிடக்கும் பழைய ஹொண்டா

மழைக்காலம் முடிந்த கையோடு பழைய இரும்பு வாங்குகிறவர்கள் எமது ஊர்களுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். சிறு லொறி ஒன்று ஒழுங்கை முகப்பில் நிற்கும். தராசோடு ஒருவர் வளவுக்குள் வந்து, வேலியோரம், கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று கண்ணை ஓட்டுவார். இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தவரின் கண், தறப்பாளால் மூடிக் கிடந்த ஐயாவின் ஹொண்டா 50 இல் நின்றது.

"அம்மா, இதை வைச்சு என்ன செய்யப் போறியள்? ஓடவும் மாட்டுது. இரும்பு விலை இப்ப நல்லா இருக்கு" என்றார்.

"தம்பி, அது இரும்பில்லை, வண்டி. நீர் மற்றதுகளைப் பாரும்" என்றார் அம்மா.

ஐயா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. 1982 இல் வெங்காயம் விற்ற காசில் அவர் வாங்கிய வண்டி அது. அம்மா அதைக் கொடுக்காததற்குக் காரணம் பாசம் மட்டும்தான் என்று அன்று நினைத்தேன். அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டி முடித்த பின்புதான், விலையைப் பொறுத்தவரையிலும் அம்மா சொன்னதே சரி என்பது தெரிய வந்தது. வாசகர்களே, உங்களில் பலருடைய கொட்டில்களிலும், நீங்கள் விட்டு வந்த உறவினர் வீடுகளிலும் இப்படி ஒன்று கிடக்கக்கூடும். அதை நிறுத்துக் கொடுப்பதற்கு முன்பு சில விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்.

பிறந்த கதை

யப்பானில் ஹமமட்சு என்று ஒரு நகரம் உண்டு. அதன் அருகே ஒரு கிராமத்தில் 1906 இல் பிறந்த சொய்ச்சிரோ ஹொண்டா ஒரு கொல்லரின் மகன். தகப்பனார் பட்டறையில் சைக்கிள்களும் திருத்துவார். உலக யுத்தம் முடிந்தபோது அந்த நகரம் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. பஸ்சும் புகையிரதமும் நெருக்கடி. உணவுப் பொருள் தேடிச் சனங்கள் நாட்டுப்புறத்துக்குச் சைக்கிளில் அலைந்தார்கள். 1946 இல் ஹொண்டாவின் கையில் இராணுவத்தின் பழைய சிறு இயந்திரங்கள் சில கிடைத்தன. வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கச் செய்யப்பட்டவை அவை. அவற்றில் ஒன்றைச் சைக்கிளில் பூட்டினார். பெற்றோல் தாங்கிக்கு வழியில்லாததால், குளிருக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்க் கலம் ஒன்றையே முதலில் தாங்கியாகப் பொருத்தினார். அதை ஓட்டிப் பார்த்தவர் அவருடைய மனைவி.

பெற்றோல் அங்கே பங்கீட்டில் இருந்தது. ஆகவே பைன் மரத்திலிருந்து எடுக்கும் தேப்பந்தைலத்தைப் பெற்றோலுடன் கலந்து அந்த வண்டிகளை ஓட்டினார்கள். பெற்றோல் இல்லாமல் வண்டி ஓட்டிய காலம் எமக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணியிருக்கிறோம். உண்மையில் ஹொண்டா வண்டி பிறந்ததே அப்படியொரு தட்டுப்பாட்டில்தான்.

அதே ஹமமட்சுப் பகுதியிலிருந்தே மற்ற இரு பெயர்களும் வந்தன. சுசூகி தறி செய்தவர்கள். 1952 இல் சைக்கிளில் பூட்டும் இயந்திரத்துடன் தொடங்கினார்கள். யமஹா ஓர்கன் வாத்தியம் செய்தவர்கள். அவர்களுடைய முதல் மோட்டார் சைக்கிள் 1955 இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் யப்பானில் நூற்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் மோட்டார் சைக்கிள் செய்தன. பின்னர் நிலைத்தவை, கவசாகியையும் சேர்த்து, நான்குதான்.

ஹொண்டாவின் கணக்கு வழக்கையும் விற்பனையையும் பார்த்தவர் தக்கேயோ புஜிசாவா. சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டைப் பிடித்தபடி மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால்தான் இந்த வண்டியில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. கால் மிதியால் கியர் மாற்ற, கிளச் தானாகவே விடுபடும். சேலையோ சாரமோ உடுத்தவரும் ஏறக்கூடியதாக நடுப்பகுதி தாழ்ந்திருப்பதும், சேறு காலில் தெறிக்காதபடி முன்னால் பிளாஸ்ரிக் மறைப்பு இருப்பதும் எமது மண் ஒழுங்கைகளுக்கென்றே செய்தது போலத் தோன்றும். 1958 ஓகஸ்டில் 'சுப்பர் கப்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. 2017 இல் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இந்தத் தொகையைத் தொட்டதில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 50 சி.சி. வண்டியை யப்பானில் 2025 இல் நிறுத்திவிட்டார்கள். பெரிய இயந்திரம் கொண்டவை தொடர்ந்து வருகின்றன. ஐயாவின் வண்டி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. எமது பகுதிகளில் ஓடிய 70, 90 வண்டிகளும் அப்படியே. எம்.டி. 90 என்று நாம் சொல்வது யப்பானில் தபால்காரருக்கென்றே செய்யப்பட்ட வண்டி.

தேடி வாங்குகிறவர்கள்

இன்று யப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று பல நாடுகளில் பழைய யப்பானிய வண்டிகளைத் தேடி வாங்கித் திருத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹொண்டா கம்பனியே தனது பழைய வண்டிகளுக்கு மொட்டேகி என்ற இடத்தில் 1998 இல் ஒரு காட்சிச்சாலை திறந்தது. அங்குள்ள பல வண்டிகளை ஓடும் நிலையிலேயே பேணுகிறார்கள்.

இவர்கள் எதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதை அறிந்தால் எமக்கு நல்லது. 1969 இல் வந்த ஹொண்டா 750 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செய்த சுமார் 7,400 வண்டிகளின் இயந்திரக் கூட்டை நிரந்தர அச்சில் வார்த்தார்கள். பின்பு வார்ப்பு முறை மாறியது. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் அந்த முதல் வண்டிகளுக்குப் பிந்தியவற்றைவிடப் பல மடங்கு விலை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இயந்திரத்திலும் சட்டத்திலும் பொறித்துள்ள இலக்கங்கள். அந்த இலக்கம் அழிந்துபோனால் வண்டியின் சாதகமே அழிந்த மாதிரி.

இன்னொன்று, பளபளப்பாகப் பூச்சு அடித்த வண்டிதான் விலை போகும் என்பது எங்கள் எண்ணம். விடயம் தெரிந்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. மங்கியிருந்தாலும் கம்பனி அடித்த பூச்சு, கம்பனி பூட்டிய விளக்கு, அடையாளச் சின்னம் ஆகியவை அப்படியே இருந்தால் அதற்கே மதிப்பு. எங்கள் அயலவர் ஒருவர் தமது 90 வண்டிக்குக் கடும் சிவப்புப் பூச்சு அடித்து, முன்விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது விளக்குப் பூட்டினார். வாங்க வந்தவர் முதலில் கேட்டது அந்தப் பழைய விளக்கைத்தான்.

நாங்கள் சேகரிப்பாளர்கள் அல்லர். ஒரு வண்டி வைத்திருப்பதே எமக்குப் பெரிய காரியம். ஆனாலும் 2020 இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பின்பு பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். 2025 இல் தடை தளர்ந்தும் புது வண்டி பலருக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. தோட்டத்துக்கு உரம் கொண்டுபோக, பிள்ளையை வகுப்புக்கு ஏற்றி இறக்க, கொட்டிலில் கிடக்கும் 50 போதும்.

மண்ணெண்ணெய் குடித்த வண்டிகள்

எமது வண்டிகளுக்கு மற்ற நாட்டு வண்டிகளுக்கு இல்லாத ஒரு நோய் உண்டு. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது வடக்கில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாமற் போயிற்று. மண்ணெண்ணெயில் நீர் இறைக்கும் இயந்திரங்களை இயக்கிப் பழகியவர்கள் எமது தோட்டக்காரர்கள். முதலில் கொஞ்சம் பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. அதே வித்தையை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். சிறு பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலைப் பொக்கிசம் போல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி செலுத்தி, கிக்கரை உதைத்து, இயந்திரம் பற்றியதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். வழியில் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். பின்னால் வருகிறவர் புகையில் இருமுவார்.

ஆனால் நீர் இறைக்கும் இயந்திரம் அதற்கென்றே அமைந்தது. மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சியது பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலுடன் கலக்கும். ஒயில் தண்ணீராகும். தண்ணீரான ஒயில் தேய்மானத்தைத் தடுக்காது. பிஸ்ரன் தலையிலும் வால்விலும் கரி படியும். ஆகவே அந்தக் காலத்தில் ஓடிய வண்டி இன்று இழுவையில்லாமல், நீலப் புகை தள்ளினால் அதிசயமில்லை. அது தீராத நோயுமல்ல.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஐயாவின் வண்டி ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அந்தச் சனத்துக்குள் ஓட்ட முடியாது. அரிசி மூட்டையையும் பாயையும் சீற்றில் கட்டி, மழையில் தள்ளிக்கொண்டு போனோம். தென்மராட்சியில் ஒரு வீட்டுக் கொட்டிலில் விட்டோம். 2002 இல் பாதை திறந்த பின்பு அதை எடுத்து வந்தோம். அதற்குப் பின்னும் காணி இல்லை, வீடு இல்லை, பிறகு ஐயா இல்லை. தறப்பாளுக்குக் கீழேயே வண்டி கிடந்தது.

எழுப்பும் விதம்

நெடுங்காலம் கிடந்த வண்டியைக் கண்டதும் முதலில் செய்யக்கூடாத வேலை கிக்கரை உதைப்பது. பிஸ்ரன் சிலிண்டருடன் கறளால் ஒட்டியிருக்கலாம். உதைத்தால் கிக்கர்ப் பற்சில்லு உடையும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் டீசலும் என்ஜின் ஒயிலும் சம அளவில் கலந்து அரைத் தேநீர்க் கோப்பை அளவு விட்டு, நான்கைந்து நாள் பொறுத்திருங்கள். பிறகு இடப்பக்க மூடியைக் கழற்றினால் பிளைவீல் தெரியும். அதைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். அசையாவிட்டால் இன்னும் ஒயில் விட்டு இன்னும் பொறுக்க வேண்டும். எங்கள் வண்டி பதினொராம் நாள் அசைந்தது.

கழற்றும்போது இன்னொரு சங்கடம் வரும். யப்பானியத் திருகாணித் தலையின் சிலுவை வெட்டு, நாம் கடையில் வாங்கும் திருப்புளியின் நுனியோடு சரியாகப் பொருந்தாது. ஆணித்தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது அந்த இனம். அளவில்லாத திருப்புளியை வைத்து முறுக்கினால் தலை வழுக்கி வட்டமாகிவிடும். பொருந்தும் திருப்புளியை நேராக வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிய பின் திருப்பினால் பெரும்பாலும் இளகும். கழற்றிய ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ஆணிகளை வெவ்வேறு பைகளில் பெயர் எழுதிப் போடுங்கள். ஞாபகத்தை நம்பி நான் இரண்டு ஆணியை இன்றுவரை தேடுகிறேன்.

தாங்கியில்தான் நான் பெரும் பிழை விட்டேன். சீற்றுக்கு அடியில் இருக்கும் அந்த இரும்புத் தாங்கிக்குள் கறள் உதிர்ந்து மண்போல் கிடந்தது. அவசரத்தில், ஒருவர் சொன்னார் என்று பற்றறி அசிட்டை ஊற்றினேன். கறளும் போயிற்று, அடித்தகடும் ஊசித் துவாரங்களாய்ப் போயிற்று. செய்ய வேண்டியது வேறு. வினாகிரியை நிரப்பி, பழைய சங்கிலித் துண்டொன்றை உள்ளே போட்டு, இடைக்கிடை குலுக்கி இரண்டு நாள் வைக்க வேண்டும். பிறகு சங்கிலியை எடுத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே உள்ளே சிறிது ஒயில் ஓடவிட வேண்டும். தாமதித்தால் ஒரே இரவில் மறுபடி கறள் பிடிக்கும். துவாரத்தை ஒட்டுவிக்கக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: வெறும் தாங்கியிலும் பெற்றோல் ஆவி நிற்கும். பல முறை கழுவாமல் நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் வெடிக்கும்.

காபரேற்றருக்குள் மயிரிழை போன்ற துவாரங்கள் உள்ள பித்தளை ஆணிகள் இருக்கின்றன. கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்து, வண்டி பெற்றோலைக் குடிக்கும். பெற்றோலில் ஊறவைத்து, தூரிகை மயிர் ஒன்றை விட்டு எடுத்தாலே போதும். பக்கத்தில் உள்ள சிறு திருகாணியைக் கழற்றுமுன், அது முழுதாய் இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்து, திரும்ப அதே கணக்கில் பூட்டுங்கள்.

பொறி வராவிட்டால் சுருளையோ வயரையோ மாற்ற ஓட வேண்டாம். பிளைவீலின் பின்னாலுள்ள பொயின்றின் முகங்கள் பூத்துப்போயிருக்கும். நுண்ணிய அரத்தாளால் துடைத்து, திறக்கும் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7. வால்வுகளின் தப்பெற் இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, 0.05. இந்த அளவுகள் 50 க்கும் 70 க்கும் பொதுவானவை.

இழுவை இல்லாத வண்டியின் சிலிண்டரை லேத் பட்டறையில் கடையலாம். பிஸ்ரன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகப் பெருத்த அளவுகளில் கிடைக்கும். முதலிலேயே பெரிய அளவுக்குக் கடைந்துவிட்டால் அடுத்த முறை கடைய இடமிருக்காது. ஐயாவின் சிலிண்டர் 0.50 இல் சுத்தமாகியது. தாய்லாந்து, சீன உதிரிப்பாகங்கள் நகரக் கடைகளில் உண்டு. றிங்கும் பிஸ்ரனும் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒயில் விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்த இயந்திரம் கொள்வது சுமார் 0.8 லீற்றர்தான். காகித வடிகட்டியும் கிடையாது. ஒரு கம்பி வலை உண்டு. ஆகவே 1,500 கிலோமீற்றருக்கு ஒரு முறையாவது மாற்றத்தான் வேண்டும். யமஹா, சுசூகி வண்டிகளில் இரண்டு அடி இயந்திரம் கொண்டவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றுக்குப் பெற்றோலோடு சேர்ந்து எரியும் ஒயில் தனியாகத் தேவை.

பழைய பிரேக் சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், காற்றடித்து விரட்டவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டிப் போடுங்கள். நுரையீரலுக்கு அது பொல்லாத சாமான்.

காணியும் கடதாசியும்

மீளக் குடியேறிய இடங்களில், பற்றைக்குள் கைவிட்ட வண்டி கிடப்பதைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மிதிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்படாத காணிக்குள் எந்த இரும்புக்காகவும் கால் வைக்க வேண்டாம். அகற்றப்பட்ட காணியில் கிடந்தாலும், அது யாரோ ஒருவர் கடைசிவரை தள்ளி வந்து விட்டுப்போன வண்டி. கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

உங்களுடைய சொந்த வண்டி என்றால் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், இயந்திர இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். உரியவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் தேவைப்படும். அலைச்சல்தான், நாங்களும் அலைந்தோம். ஆனால் கடதாசி இல்லாத வண்டியைத் தெருவில் ஏற்றவும் முடியாது, நியாயமான விலைக்கு விற்கவும் முடியாது. கறள் துடைக்கும்போது இலக்கம் பொறித்த இடத்தில் அரத்தைப் போட்டுவிடாதீர்கள்.

விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கிணறு இறைக்கவும் கூரை போடவும் காசு வேண்டியிருக்கும்போது வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. நிறுத்து விற்காதீர்கள் என்பதுதான் எனது வேண்டுகோள். ஓடாத வண்டிக்கு ஒரு விலை, ஓடும் வண்டிக்கு ஒரு விலை, கடதாசியும் பழைய பாகங்களும் உள்ள வண்டிக்கு இன்னொரு விலை. இரண்டு பேரிடமாவது கேட்ட பின்பு பேசுங்கள்.

எங்கள் வண்டிக்கு ஏழு மாதம் எடுத்தது. தோட்டவேலை இல்லாத பின்னேரங்களில்தான் தொட முடிந்தது. ஒட்டுப்போட்ட தாங்கி, கடைந்த சிலிண்டர், புதிய ரயர்கள், ஐயா காலத்து மங்கல் நீலப் பூச்சு. கடைசிப் பின்னேரம் நான்காம் முறை உதைத்தபோது இயந்திரம் பற்றிக்கொண்டது. சிலிண்டருக்குள் விட்ட ஒயில் எரிந்து முற்றம் முழுவதும் புகை. அடுப்படியிலிருந்து அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வந்தார்.

"மண்ணெண்ணெயே விட்டனீ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, பெற்றோல்தான்" என்றேன்.